நான் காணாத நிமிடங்கள்

நோய்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் எங்கள் வீடுகளில் மதிப்போடு வாழ்கின்றன. கலியாண வீட்டுப் பந்தியிலே, "எனக்குச் சீனி வருத்தம், பாயசம் வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், பக்கத்திலிருப்பவர், "எனக்கும் அதுதான்" என்று உறவு கொண்டாடுவார். இருதய நோய் கண்டவரைப் பார்க்க ஊரே திரண்டு வரும். ஆனால், வலிப்பு என்ற சொல் வாயிலிருந்து புறப்படுமுன் யாராவது எழுந்து சென்று படலையைச் சாத்திவிடுவார்.

நான் அந்த நோய் உடையவள். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, இப்பொழுது இறுதியாண்டில் இருக்கிறேன். நோயோடு மறதியும் எனக்கு உண்டு. வரலாறு படிக்கின்றவளுக்கு முந்திய நாள் நடந்தது நினைவில் இல்லை என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சில வேளைகளில் எனக்கும் வருவதுண்டு. பிறருடைய இரக்கத்தைத் தேடி நான் இதனை எழுதவில்லை. இதே நிலையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பலர் நம்மிடையே உளர். அவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் என் அனுபவம் ஓரளவு பயன்படக்கூடும் என்ற நம்பிக்கையே காரணம்.

இந்நோயைக் 'காக்கை வலிப்பு' என்பது நம்மவர் வழக்கம். கால் கை வலிப்பு என்ற தொடரே திரிந்து அவ்வாறு ஆயிற்று என்பர். பாவம், காக்கைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பேய்க்கும் தெய்வக் குற்றத்துக்கும் தொடர்பில்லை. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே, கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூலொன்று, இது மற்றை நோய்களிலும் தெய்விகமானது அன்று, மூளையிலிருந்து எழுவது என்று கூறிற்று. மூளையின் கலங்கள் நுண்ணிய மின்னோட்டத்தால் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. அந்தப் பேச்சு நிலைகுலைந்து, பெருந்தொகையான கலங்கள் ஒரே நேரத்தில் கூச்சலிடும்பொழுது உண்டாவதே வலிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி ஏறத்தாழ 5 கோடி மக்கள் இந்நோயோடு வாழ்கின்றனர். உரிய காலத்தில் கண்டறிந்து முறையாக மருந்து கொடுத்தால், அவர்களுள் 100க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்றும் அந்நிறுவனம் சொல்கின்றது.

வலிப்பு என்றவுடன், விழுந்து கைகால் உதறி வாயில் நுரை தள்ளும் காட்சியே யாவருக்கும் தோன்றும். என்னுடையது பெரும்பாலும் அவ்வாறு வருவதில்லை. முதலில் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சை நோக்கி எழும். அதனோடு, 'இது முன்னரும் நடந்ததல்லவா? இதே யன்னல், இதே வெயில், இதே சொல்' என்றொரு விசித்திர உணர்வு உண்டாகும். நடந்தவற்றை மறக்கின்றவளுக்கு, நடவாத ஒன்று நினைவுக்கு வருகின்றது. பின்னர் ஒன்றுமில்லை. கண் திறந்தபடியே இருக்குமாம். வாய் மெல்லுவதுபோல் அசையுமாம். ஓரிரு நிமிடங்களில் தெளிவேன். 'ஆம்' என்று நான் எழுதுவதற்குக் காரணம், அந்த நிமிடங்களை நான் ஒருபோதும் கண்டதில்லை என்பதே.

முதன்முதலில் அது வந்தது 2019 ஆம் ஆண்டு, எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது. அன்றுமுதல் எங்கள் கிணற்றடிக்கு நான் தனியே செல்வதில்லை. துவிச்சக்கரவண்டி தம்பியின் சொத்தாயிற்று. உயர்தரப் பரீட்சையை எழுதிப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது, வீட்டில் மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுந்திருந்தது. 2022 ஆம் ஆண்டு விடுதிக்குப் புறப்பட்ட அன்று, அம்மா குளிசைகளை ஒரு பால்மாப் பேணிக்குள் இட்டு, மேலே ஒடியற் சுருளைப் பரப்பி மூடினார். "பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை. கேட்டால் விற்றமின் எண்டு சொல்லு" என்றார்.

அம்மாவைக் குறைகூற நான் துணியேன். இதே நோயைக் காரணங்காட்டிக் கணவன் வீட்டார் ஒரு பெண்ணைத் திருப்பியனுப்பியதை அவர் தம் இளமையில் அடுத்த வீட்டிலே கண்டவர். எனக்கு மூத்த அக்கா ஒருத்தி மணமாகாது இருக்கின்றாள். மறைத்தல் அம்மாவுக்குப் பொய்யன்று. பிள்ளைகளைச் சுற்றி அவர் கட்டிய வேலி. ஆயினும் நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. விடுதியில் முதலாம் இரவே, என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட மட்டக்களப்புத் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, தங்கள் ஊர் வழக்கப்படி, "வந்தா நான் என்ன செய்யணும் கா?" என்று கேட்டாள். இந்நோய் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் அதுவே தலைசிறந்தது என்று இன்றும் கருதுகிறேன்.

அவள் செய்த பேருதவி ஒன்று உண்டு. ஒரு சிறு கொப்பியை வாங்கி, நான் காணாத நிமிடங்களை அவள் கண்டு எழுதினாள். முதற் பதிவு இவ்வாறு இருந்தது: "இரவு 9.40. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தாள். இடக்கை படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தது. வலக்கை விறைத்துப்போய் அசையவில்லை. ஒன்றரை நிமிடம். பிறகு என் பெயரைக் கேட்டேன்; விழித்தாளேயன்றிச் சொல்லவில்லை. 9.50க்குச் சொன்னாள்."

அக்கொப்பியைக் கண்டியில் நரம்பியல் வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் அதனை இருமுறை படித்தார். வலக்கை விறைத்ததும், தெளிந்த பின்னரும் சிறிது நேரம் பேச்சு வராதிருந்ததும், வலிப்பு மூளையின் இடப் பக்கத்திலே தொடங்குகின்றது என்று எண்ண இடந்தருகின்றன என விளக்கினார். பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படமும் அதையே காட்டிற்று. இடப்பக்கப் பொட்டு மடலின் உள்ளே, கடற்குதிரையின் வடிவத்தையொத்த ஒரு சிறு பகுதியில் தழும்பு இருந்தது. சிறு குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு நெடுநேரம் வலித்ததுண்டா என்று அவர் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். விடை வீட்டிலே, அம்மம்மாவிடமிருந்து கிடைத்தது. ஒன்றரை வயதில் எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, வலிப்பு நிற்காமல், இரவோடிரவாக வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். என் நோயின் முதல் அத்தியாயம், நான் அறியாமலே அந்த மூதாட்டியின் நெஞ்சில் பத்திரமாக இருந்திருக்கின்றது.

அன்று எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. வரலாற்று மாணவர் செய்வது யாது? 1619 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியதை இன்றிருப்பவர் ஒருவரும் கண்டதில்லை. எழுதப்பட்டவற்றைத் தேடியும், சாட்சிகளை ஒப்புநோக்கியுமே அக்காலத்தை அறிகின்றோம். போர்த்துக்கேயர் எழுதுவித்து, பின்வந்த ஒல்லாந்தர் திருத்திப் பேணிய காணித் தோம்புகள், எவருடைய நினைவையும் நம்பி எழுந்தவையல்ல. நினைவு தவறும் என்பதை அறிந்தே எழுந்தவை. நான் காணாத நூற்றாண்டுகளை இம்முறையால் அறிய முடியுமானால், நான் காணாத நிமிடங்களையும் அறிய முடியும் அன்றோ? அன்றுமுதல் அந்தக் கொப்பிக்குத் 'தோம்பு' என்றே பெயர் வைத்தோம்.

இனி மறதியைப் பற்றிச் சொல்கிறேன். தழும்பு விழுந்த அந்தப் பகுதியே புதிய நினைவுகள் உருவாவதற்கு இன்றியமையாதது. பெரும்பாலோருக்கு அதன் இடப்பக்கம் சொற்களையும் பெயர்களையும் நினைவில் இருத்துவதில் முக்கிய பங்கு கொள்கின்றது. ஆதலால், ஒருவரைப் பார்த்த முகம் எனக்கு மறப்பதில்லை; பெயர் மறந்துவிடும். விரிவுரையின் கருத்து விளங்கும். அதனைச் சொல்லும் சொல் நாவின் நுனியில் நின்று வர மறுக்கும். வலிப்பு வந்த நாளில் அதற்கு முன்னர் கேட்டவற்றிற் சிலவும் அழிந்துபோவதுண்டு. சில மருந்துகள் சிந்தனையைச் சற்று மந்தப்படுத்தும். நித்திரைக் குறைவும் மனக்கவலையும் மறதியைப் பெருக்கும். இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. ஆனால் ஒன்று நிச்சயம்: இது சோம்பலுமன்று, அறிவுக் குறைவுமன்று.

நினைவு பற்றி உலகம் இன்று அறிந்திருப்பவற்றிற் பெரும்பகுதி ஒரு வலிப்பு நோயாளியிடமிருந்து வந்தது என்பதை அறிந்தபோது நான் வியப்படைந்தேன். ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க இளைஞருக்கு மருந்துகளாற் கட்டுப்படாத கடும் வலிப்பு இருந்தது. 1953 ஆம் ஆண்டு, அவருடைய 27 ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூளையின் இரு பக்கங்களிலும் அந்தக் கடற்குதிரைப் பகுதியின் பெரும்பாகத்தை அகற்றினார். வலிப்புத் தணிந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்திருக்க அவரால் அதன்பின் முடியவில்லை. சில நிமிடங்களுக்கு முன் சந்தித்தவரையும் புதியவராகவே வரவேற்பார். பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். கண்ணாடியிலே தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திர வடிவம் ஒன்றை வரையும்படி மூன்று நாட்கள் பயிற்சி கொடுத்தார். மொலேசனின் கை நாளுக்கு நாள் தேர்ச்சியுற்றது. ஆனால் ஒவ்வொரு நாளும், இவ்வேலையைத் தாம் முன்னர் செய்ததே இல்லை என்றுதான் அவர் எண்ணினார். மனிதனுக்கு நினைவு ஒன்றல்ல, நிகழ்ச்சிகளை நினைப்பது ஒன்று, கை பழகிக்கொள்வது வேறொன்று என்பது இதனால் வெளிப்பட்டது. மொலேசன் 2008 ஆம் ஆண்டு காலமானார்.

அவருடைய துயரம் வேறு, என்னுடையது வேறு. எனக்குத் தழும்பு ஒரு பக்கத்தில் மட்டுமே. எனினும் அவர் வாழ்விலிருந்து நான் ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். நிகழ்ச்சி நினைவை நம்ப முடியாத இடத்தில் பழக்கத்தை நம்பலாம். ஆகவே குளிசை விழுங்குவதைப் பல் துலக்குவதோடு பிணைத்துவிட்டேன். காலையும் மாலையும் 7 மணி. பற்தூரிகைக்குப் பக்கத்திலே கிழமை நாட்களின் பெயர் பொறித்த குளிசைப் பெட்டி. விழுங்கினேனா இல்லையா என்ற ஐயம் எழுந்தால், பெட்டியின் அறை வெறுமையாக இருக்கின்றதா என்று பார்த்தாற் போதும். இரண்டு முறை விழுங்குவதும் ஆபத்து. விழுங்காது விடுவதும் ஆபத்து. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகள் அரிதாகியபோது, எரிபொருளும் இல்லாத அந்நாட்களில், அப்பா துவிச்சக்கரவண்டியில் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்து குளிசை தேடினார். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துதல், அடங்கியிருந்த நோயைப் பன்மடங்காக எழுப்பிவிடும் என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அப்பாவுக்கு அவ்வொரு வாக்கியம் போதுமாயிருந்தது.

படிப்பிலும் இதே ஒழுங்குதான். ஒரே பக்கத்தைப் பத்து முறை வாசித்தால் நினைவில் நிற்கும் என்பது மாணவர் பலருடைய எண்ணம். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொல்கின்றது. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடங்களின் பின் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரத்தின் பின், புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தி நின்றார்கள். ஆகவே, அன்றன்று கேட்ட விரிவுரையை அன்றிரவே கொப்பியை மூடிவைத்து எழுதுகிறேன். எழுத வராத இடத்திற்குச் சிவப்புப் புள்ளி இடுகிறேன். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று அப்புள்ளிகளை மட்டும் மீண்டும் சோதிக்கிறேன். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடிப்பது எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனை அநீதி என்று எண்ணி அழுத நாட்களும் உண்டு. பிற்பாடு, நான் இரண்டு மணி நேரம் உழைத்துப் படித்தது பிறருக்கு ஒரு மணி நேரத்தில் படித்ததைவிட ஆழமாக வேரூன்றியிருப்பதையும் கண்டேன்.

பரீட்சைக் காலத்தில் விடுதி முழுவதும் கண்விழித்துப் படிக்கும். நான் 10 மணிக்கு விளக்கை அணைத்துவிடுவேன். நித்திரை கெடுதல் வலிப்பை அழைக்கும் முதல் விருந்தோலை. விடுமுறைக்கு ஊர் செல்வதற்கும் இராப் பேருந்தைத் தவிர்த்து, விடியற்காலையில் புறப்படும் பேருந்திலேயே செல்கிறேன்.

இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் அஞ்சியது நடந்தே விட்டது. ஒல்லாந்தர் ஆட்சிமுறை பற்றிய வினாவுக்கு விடை எழுதிக்கொண்டிருந்தேன். வயிற்றிலிருந்து அந்த அலை எழுந்தது. தெளிந்தபோது பேனை தரையிற் கிடந்தது. கடைசி வரி கோட்டைக் கடந்து கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. ஏறக்குறைய பத்து நிமிடங்கள் போயிருந்தன. நான் என்ன சொல்ல வந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. ஆனால் விடை தொடங்குமுன் அதன் எலும்புக்கூட்டை ஐந்தாறு சொற்களில் முதற்பக்க ஓரத்தில் எழுதிவைப்பது என் வழக்கம். அதனை எடுத்து, வேறொருவர் விட்டுச் சென்ற ஏட்டை வாசிப்பதுபோல என் கையெழுத்தையே வாசித்தேன். இவள் இவ்விடத்திற்குப் போகவே எண்ணியிருக்கின்றாள் என்று ஊகித்து, மீதியை எழுதி முடித்தேன். அப்பாடத்திற் சித்தியடைந்தேன். பெரிய புள்ளிகள் அல்ல. ஆனால் நான் பெற்ற புள்ளிகளுள் எனக்கு மிகவும் பிரியமானவை அவையே.

இப்போது இரண்டு மருந்துகளால் வலிப்பு வெகுவாகத் தணிந்திருக்கின்றது. வாரந்தோறும் வந்தது, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறையாகக் குறைந்திருக்கின்றது. வீட்டிலோ வேறு சோதனை வந்தது. சென்ற ஆண்டு அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். தங்கைக்கு என்ன வருத்தம் என்று கேட்டபோது, அப்பா மறைக்காமற் சொன்னார். குழந்தைப் பருவத்துக் காய்ச்சலின் பின் ஏற்பட்ட தழும்பு இது, குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லை என்று வைத்தியர் கூறியதையும் எடுத்துரைத்தார். வந்தவர்கள் தேநீரைக் குடித்துச் சென்றார்கள். பிறகு செய்தி இல்லை. அம்மா இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. அக்கா மட்டும், "சொன்னபடியால் போனார்கள். சொல்லாமல் விட்டிருந்தால், சீவியம் முழுக்கப் பொய் சொல்லுவது நான் அல்லவோ, அம்மா?" என்றாள். அம்மா மறுமொழி சொல்லவில்லை.

இந்த ஏட்டைக் கையில் வைத்திருக்கும் தாய்மாருக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவருக்கு வலிப்பு வந்தால் கையில் திறப்பையோ இரும்பையோ திணிக்க வேண்டாம். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்க வேண்டாம். கைகாலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அபாயமான பொருள்களை அகற்றி, தலையின் கீழ் மென்மையான துணி ஒன்றை வைத்து, உதறல் ஓய்ந்ததும் ஒரு பக்கமாகச் சரித்து விடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, தெளியுமுன் மறுபடியும் வந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். முழுவதும் தெளியும்வரை அருகில் இருங்கள். முடிந்தால், கண்டதைக் கண்டபடி எழுதி வையுங்கள். கைத்தொலைபேசியில் எடுக்கும் படமும் வைத்தியருக்கு உதவும். ஆனால் அது வைத்தியருக்கு மட்டுமே காட்டவேண்டியது.

தோம்பு இப்பொழுது நான்காம் கொப்பியை எட்டியிருக்கின்றது. சென்ற விடுமுறையின்போது அதனை அடுப்படித் தட்டில் வைத்திருந்தேன். பேராதனைக்குத் திரும்பிய பின்னரே விரித்துப் பார்த்தேன். பழக்கமில்லாத கையெழுத்தில் ஒரு பதிவு இருந்தது: "காலை 6.10. தேங்காய் துருவிக்கொண்டு இருந்தாள். ஒரு நிமிடம். விழவில்லை. அலகைக் கைக்கு எட்டாமல் எடுத்துவிட்டேன். 6.20க்கு என்னை அம்மா என்றாள்."

அம்மா எழுதிய முதற் பதிவு அது. நோயின் பெயரை உச்சரிக்கவும் அஞ்சியவர், நேரம் பார்த்து, பேனை எடுத்து, நான் காணாத ஒரு நிமிடத்தை எனக்காகக் காத்து வைத்திருக்கின்றார். மறதி உடைய பிள்ளைக்குத் தாய் செய்யக்கூடிய உதவி அதனினும் மேலானது எது? உங்கள் வீட்டிலும் இத்தகைய பிள்ளை ஒன்று இருக்குமாயின், படலையைச் சாத்தாதீர்கள். ஒரு கொப்பியைத் திறவுங்கள்.